பேரை மட்டும் சொல்லவில்லை

என் குரல் பெரிய குரல். சாந்தோமில் எங்கள் வட்டாரத்து சர்ச்சான பங்குக் கோயிலின் பாடகர் குழுவில், மைக் வேலை செய்யாத நாட்களிலும் பாடிப் பாடி வளர்ந்த தொண்டை. கல்லூரியில் எங்கள் தொண்டுக் குழு எந்தக் கடை போட்டாலும், "கூவறதுக்கு அவளைக் கூப்பிடுங்கடி" என்பார்கள். நானும் பெருமையாகப் போய் நிற்பேன். அப்படி நின்று, என்னுடைய ஃபீஸுக்காகவே, அது எனக்குத்தான் என்று தெரியாமலேயே, தொண்டை வற்றக் கூவி மாங்காய் விற்றவள் நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம், "நல்லதுதானே நடந்திருக்கு? இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கோபம்?" என்கிறார்கள். ஏன் கோபம் என்று ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரியின் பேர் வேண்டாம். தென்சென்னையில் பெண்கள் படிக்கும் ஒரு கல்லூரி, அவ்வளவு போதும். எங்கள் குழுவுக்கு முதலீடு என்று ஒன்றும் கிடையாது. பழைய பாடப்புத்தகங்களை வாங்கி விற்போம், சுண்டல் கடை போடுவோம், மருதாணி போட்டுவிடுவோம். ட்ரெடிஷனல் டே அன்று எங்களுக்கு நல்ல அறுவடை. காலையில் கல்லூரி வாசலிலேயே ஒரு டப்பா நிறைய ஊக்குகளோடு நிற்போம். புடவை கட்டத் தெரியாமல் சுடிதாரில் வந்து, கையில் பட்டுப்புடவையும் முகத்தில் திகிலுமாக இறங்கும் பெண்களுக்கு மடிப்பு வைத்துக் கட்டிவிட்டுக் காசு வாங்குவோம். சில மகராணிகள் மத்தியானம் கட்டு அவிழ்ந்துபோய் மறுபடியும் வருவார்கள். அதற்குத் தனிக் காசு.

சேரும் பணம் எங்கள் கல்லூரியிலேயே ஃபீஸ் கட்ட முடியாத ஒரு மாணவிக்குப் போகும். யார் அவள் என்பது குழுத் தலைவிக்கும் பொறுப்பாசிரியைக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்கள் கேட்கக் கூடாது. வாய் தவறிக் கேட்டுவிட்டால், அன்றைய பாத்திரம் முழுவதையும் அவள்தான் கழுவ வேண்டும். விளையாட்டாக வைத்த தண்டனைதான், ஆனால் விதி விளையாட்டில்லை. காசு வாங்கும் பெண் நாளைக்கு நம்மோடு கேன்டீனில் உட்கார்ந்து சமமாகச் சாப்பிட வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் யாருக்கும் அந்தக் காசு ஞாபகத்துக்கு வரக் கூடாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லும் வேலையும் என்னுடையதுதான்.

தலைவி என் உயிர்த் தோழி. கோபாலபுரத்தில் மரங்கள் சூழ்ந்த பழைய பங்களா அவளுடைய வீடு. பணம் இருக்கிறது என்ற திமிர் துளியும் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, இரக்கம் என்றால் அப்படி ஓர் இரக்கம். தெருநாய் நொண்டினாலும் இவளுக்குக் கண் கலங்கிவிடும். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்களுக்கும் கலங்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்படிக்குப் போய், "ஆன்ட்டி, மீன்குழம்பு இருக்கா?" என்று கேட்டுத் தட்டை எடுத்துக்கொள்வாள். அம்மாவுக்கு அவள் இன்னொரு பெண்.

இரண்டாம் வருடம் நடுவில் எங்கள் வீடு ஆட்டம் கண்டது. அப்பா தி.நகரில் ஒரு துணிக்கடையில் மேற்பார்வையாளர். பண்டிகைக் காலம் முழுக்க நின்றே கழித்த முதுகு ஒருநாள் நிற்க மறுத்துவிட்டது. கடையில் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அம்மாவின் நர்சரிப் பள்ளிச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றிருந்தது. ஒருநாள் அம்மா தாலிச்செயினை அடகு வைத்துவிட்டு, அதே மாதிரி ஒரு கவரிங் செயினை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

எங்கள் பங்கில் அப்பாவை எல்லாருக்கும் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் எடுத்துப் போகும் குழுவில் அவர்தான் முன்னால் நிற்பார். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். நாங்கள் வாசலில் நின்றதும் அந்த வீட்டுக்காரர்கள் அவசர அவசரமாக ஒரு நாற்காலியைக் காலி செய்வார்கள். நாங்கள் உட்காரும்வரை அவர்கள் உட்கார மாட்டார்கள். அந்தப் பக்கத்துக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத வைராக்கியம். கோயிலில் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் வந்து நின்றால், அம்மா முந்தானையை இழுத்துக் கழுத்தோடு மூடிக்கொள்வாள். கவரிங் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் பட்டினப்பாக்கம் மணலில் உட்கார்ந்து தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பாவின் முதுகு, அடகு, கவரிங், முந்தானை, ஒன்று விடவில்லை. கடைசியில் சொன்னேன்:

"காலேஜ்ல யாருக்கும் தெரியக் கூடாதுடி. தெரிஞ்சா நான் அங்க காலே வைக்க மாட்டேன்."

அவள் என் தலையில் கை வைத்து, "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள். அவளும் அழுதாள். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான். வீட்டில் என்ன நடந்தாலும், கல்லூரியில் நான் பழைய நானாகவே இருக்க வேண்டும். ஃபீஸுக்கும் வழி பிறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். பாலவாக்கத்தில் இருக்கும் சித்தி தருவதாகச் சொல்லிவிட்டாள், நீ படிக்கிற வேலையைப் பார் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

தேர்வு நெருங்கியபோது குழுவில் மாங்காய்க் கடை போட முடிவானது. பாக்கி ஃபீஸைக் கட்டாவிட்டால் ஒரு மாணவிக்கு ஹால் டிக்கெட் கிடைக்காது, ஒரு வாரத்தில் பணம் சேர்த்தாக வேண்டும் என்றாள் தலைவி. மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போய்க் கிளிமூக்கு மாங்காய் பேரம் பேசியது நான்.

"இன்னா கண்ணு, இம்மாம் மாங்கா? ஊட்ல ஊறுகா போடப் போறியா?" என்றார் கடைக்கார அம்மா.

"இல்லம்மா. ஒரு பொண்ணு படிப்புக்கு."

"அப்டியா? அப்ப இத்தையும் எடுத்துக்கினு போ" என்று கை கொள்ளாமல் அள்ளிப் பையில் போட்டார். யாரோ ஒரு பெண்ணுக்காக ஊரே உருகுகிறதே என்று கலங்கினேன், பாருங்கள் என் லட்சணத்தை!

மாங்காயைப் பத்தை போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, காகிதத்தில் வைத்துக் கொடுக்க வேண்டியதுதான். தூங்குமூஞ்சி மரத்தடியில் மேசை போட்டோம். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று கூவினேன். "வாங்க வாங்க! நாக்குக்கு மாங்கா, நம்ம பொண்ணுக்குப் படிப்பு!" ஒருத்தி விலையைக் குறைக்கச் சொல்லி வம்பு பண்ணினாள். "இங்க ஒருத்தி ஹால் டிக்கெட் இல்லாம நிக்கிறா, நீ அஞ்சு ரூபாய்க்கு மூக்கால அழுவுறியா?" என்று நான் போட்ட போட்டில் அவள் இரண்டு பத்தை கூடுதலாக வாங்கிக்கொண்டு போனாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் அந்தப் பெஞ்சின் மேல் நின்றபோதுதான் நான் மூச்சு விட்டேன். வீட்டில் ஒரு முட்டை வாங்கவும் யோசனை. இங்கே நான் கொடுக்கும் பக்கத்தில் நின்றேன்.

ஆனால் முதல் நாள் விற்பனை சுமார்தான். தலைவி உதட்டைப் பிதுக்கினாள்.

"கூவினா மட்டும் பத்தாதுடி. நான் கிளாஸ் கிளாஸாப் போய்ப் பேசறேன். நீ மரத்தடியிலயே இரு. மாங்கா வெட்ட ஆளில்ல."

சரி என்று வெட்டினேன். மறுநாள் கூட்டம் அலைமோதியது. காகிதம் தீர்ந்து நோட்டுப் பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தோம். சிலர் மாங்காயே வேண்டாம் என்று காசை மட்டும் டப்பாவில் போட்டுவிட்டுப் போனார்கள். "எப்படிடி மயக்கின?" என்று அவளைக் கட்டிப்பிடித்துக் கேட்டேன். அவள் சிரித்தாள். என் கண்ணைப் பார்க்காமல் சிரித்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், முதலாமாண்டுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல பெண்.

"ரெண்டு பத்தை குடுங்கக்கா. அந்தப் பொண்ணோட அப்பாக்கு முதுகு இப்ப பரவாயில்லையாக்கா?"

"எந்தப் பொண்ணு?"

"நீங்க யாருக்காக விக்கிறீங்களோ அந்தப் பொண்ணுதான். உங்க லீடர் அக்கா நேத்து கிளாஸுக்கு வந்து சொன்னாங்களே. அவங்க அப்பாக்குத் துணிக்கடைல நின்னு நின்னு முதுகே போயிடுச்சாம். அம்மா தாலிச்செயினை அடகு வெச்சுட்டு கவரிங் போட்டுக்கிட்டு சர்ச்சுக்குப் போறாங்களாம். தெரிஞ்சவங்க யாராச்சும் கிட்ட வந்தா முந்தானையால மூடிக்குவாங்களாமே. எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அழுதுட்டோம்கா."

என் கையில் கத்தி இருந்தது. பாதி வெட்டிய மாங்காயை முழுசாக வெட்டி முடித்தேன். மிளகாய்த்தூள் தூவினேன். அவளிடம் கொடுத்து, மீதிச் சில்லறையும் கொடுத்தேன். அவள் போன பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தேன். எத்தனை வகுப்பு? என் வகுப்பிலுமா? அங்கே தலைவி பேசியபோது நான் எங்கே இருந்தேன்? இங்கே மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டச் சொல்லி என்னை மரத்தடியில் உட்கார வைத்தவளே அவள்தானே! அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்து வகுப்பில் படித்தாள். பார்த்தால் தலையாட்டுவதோடு சரி, பேச்சு கிடையாது. அவள் அன்று காலை என்னைத் தேடி வந்து, காரணமே இல்லாமல் ஒரு கேக் துண்டைக் கொடுத்து, என் தோளைத் தடவிவிட்டுப் போயிருந்தாள். நானும் வழித்துத் தின்றேன்.

கடை மூடும்வரை வெட்டிக்கொண்டே இருந்தேன். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கேன்டீன் பின்னாலிருந்த குழாயடிக்குத் தலைவி போனாள். பின்னாலேயே போனேன்.

"யாருக்காகடி இந்தக் கடை?"

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். "பேர் கேட்டா பாத்திரம் கழுவணும் மேடம்" என்றாள்.

"கழுவறேன். சொல்லு."

அவள் கையிலிருந்த அண்டாவைப் பிடுங்கினேன். தேய்த்தேன். தட்டுகளைத் தேய்த்தேன். மிளகாய்த்தூள் நகக்கண்ணில் புகுந்து எரிந்தது. கத்திகளையும் கழுவி வரிசையாக வைத்தேன். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கழுவிட்டேன். இப்ப சொல்லு."

"உனக்குத்தான்" என்றாள். அழ ஆரம்பித்தாள். "உங்க வீட்டு நிலைமை தெரிஞ்சும் நான் எப்படிடி சும்மா இருக்கறது?"

"என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினியே, பாவி!"

"நான் உன் பேரைச் சொல்லவே இல்லடி! ஒரு கிளாஸ்லகூடச் சொல்லல. வேணும்னா யாரை வேணா கேட்டுப் பாரு. ரூலை நான் மீறவே இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பேரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, விதியைக் காப்பாற்றிவிட்டதாக மனசார நம்பிக்கொண்டு நின்றாள். என் பேர் யாருக்கு வேண்டும்? அந்தக் கல்லூரியில் என் பேரில் நாலு பேர் இருந்தார்கள். முந்தானையால் கழுத்தை மூடிக்கொள்ளும் அம்மா எனக்கு மட்டும்தான் இருந்தாள். கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. கேன்டீன்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் அழுகைக்கு நடுவே ஒன்று சொன்னாள்.

"ஆன்ட்டிகிட்டக் கேட்டுட்டுத்தான்டி செஞ்சேன்."

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. அம்மா அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி ஃபீஸ் தர்றேன்னு சொன்னது நிஜமாம்மா?"

அம்மா கரண்டியை வைத்தாள். "சித்தி இல்லேன்னுட்டா. அந்தப் பொண்ணு நீ இல்லாதப்ப வந்தா. ஆன்ட்டி, பேர் வெளிய வராது, நாங்க பாத்துக்கறோம்னா. சரின்னேன். உன்கிட்ட சொன்னா நீ ஒத்துப்பியா? தாம்தூம்னு குதிப்ப. வருஷம் வீணாப் போவும்."

"என்னையே கூவ வெச்சு வித்திருக்கீங்கம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து! உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"எனக்கு உன் படிப்புதான் முக்கியம்" என்றாள் அம்மா. குரலில் கொஞ்சமும் தயக்கமில்லை. அந்தத் தயக்கமின்மை எனக்குத் தாங்கவில்லை. அவளையும் நோகடிக்க வேண்டும் என்று தோன்றியது.

"அவ செயினைப் பத்தியும் சொல்லியிருக்கா. எல்லா கிளாஸ்லயும். கவரிங்னு. நீ முந்தானையை இழுத்து மூடறது வரைக்கும்."

அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் பார்க்கவில்லை.

"அதை எதுக்குச் சொன்னா?" என்றாள். "ஃபீஸ் கட்ட முடியலன்னு சொன்னாப் போதாதா? இதுக்குப் போய் யார் காசு குடுப்பா?"

"இதுக்குத்தாம்மா குடுத்தாங்க."

நான் பயந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையே நடந்தது. கேக் கொடுத்த பெண் தன் வீட்டில் சொல்லியிருப்பாள். கெட்ட எண்ணத்தில் இருக்காது. பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் மணி அடித்தது. அப்பாவின் குழுவினர், அவரோடு வருடக்கணக்கில் தெருத்தெருவாக நடந்தவர்கள், அரிசிப் பையோடு நின்றார்கள். யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்துவிட்டு, "உக்காருங்க" என்றார். அவர்கள் உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை. அன்றைக்கு என் தோழியை என்னால் கொன்றிருக்க முடியும்.

பணம் என்ன ஆயிற்று என்றுதானே கேட்பீர்கள்? வாங்கிக்கொண்டேன். மூஞ்சியில் விட்டெறிந்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அம்மா விடவில்லை. ஹால் டிக்கெட் வந்தது, பரீட்சை எழுதினேன், பாஸ் ஆனேன். ஒரு வருடம் போய் அப்பாவுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது, அடகும் மீண்டது. குழுவுக்கு நான் திரும்பப் போகவில்லை, அவளோடு பேசவும் இல்லை. "நன்றி கெட்டவ, அவ இல்லேன்னா இவ டிகிரி முடிச்சிருப்பாளா?" என்று பேசிக்கொண்டார்கள். கெடுதல் செய்தவளைத் திட்டினால் ஊர் கூடத் திட்டும். நல்லது செய்துவிட்டுக் கழுத்தை அறுத்தவளை யாரிடம் போய்ச் சொல்ல?

வருடங்கள் ஓடிவிட்டன. அவள் இப்போது பெரிய அளவில் ஒரு கல்வி உதவி அமைப்பு நடத்துகிறாள். நிஜமாகவே பல பெண்கள் படிக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள். போன மாதம் அடையாறில் ஒரு அரங்கில் அவர்களுடைய நிகழ்ச்சி. "கூப்பிட்டிருக்காடி. எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்ப? போயிட்டு வரலாம்" என்றாள் அம்மா. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். நடு வரிசையில் உட்கார்ந்தோம்.

அவள் மேடைக்கு வந்தாள். லேசாக நரைத்திருந்தாள். அதே குரல். "நான் இந்த வேலைக்கு வந்ததுக்குக் காரணமே ஒரு அம்மாதான்" என்று ஆரம்பித்தாள். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் நன்கொடைப் பெட்டியைக் கைமாற்றிவிட ஆரம்பித்தாள். மேடையில் அவள் எதையும் விடவில்லை. அப்பாவின் முதுகு, அடகு, கோயில், முந்தானை, எல்லாம் வந்தது. பழகிப் பழகி எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் தெரிந்திருந்தது. பேரை மட்டும் சொல்லவில்லை.

அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்மணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"கேக்கவே முடியலைங்க. பாவம், அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்களோ."

"இருப்பாங்க, எங்கயாச்சும்" என்றாள் அம்மா.

பெட்டி எங்கள் வரிசைக்கு வந்தது. அம்மா கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து, நாலாக மடித்துப் போட்டாள். எல்லாரையும் போல. பிறகு பெட்டியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி, ஒன்றும் போடாமல், பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.